அடையாற்றில் மூன்றாவது கட்டில்

சென்னையில் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, "உங்க பொண்ணு எங்கம்மா?" என்பதுதான்.

கேட்டவர் கடற்கரைச் சாலையில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், விடுதி விவகாரங்களைக் கவனிக்கும் எழுத்தர். எனக்குப் பெண் கிடையாது. ஒரே மகன், ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறான். நான் மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரில் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மொழியியலில் முதுகலை படிப்பதற்காக வந்திருந்தேன்.

"படிக்கப்போறது நான்தான்" என்றேன்.

அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார், எதற்கும் ஒரு பெண் வந்துவிடலாம் என்பது போல.

"ஹாஸ்டலுக்கு வயசு வரம்பு இருக்கும்மா. நீங்க வெளியிலதான் பாத்துக்கணும். திங்கக்கிழமைக்குள்ள தங்கற எடத்தோட அட்ரஸ் கொண்டாந்து குடுத்துடுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அது இல்லாம அட்மிஷனை முடிக்க மாட்டாங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. தி. நகரில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். என் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிடைக்கலைன்னா வந்துடு. அதுல ஒண்ணும் வெட்கமில்ல" என்றார். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

மறுநாள் காலையில் லாட்ஜுக்குக் கீழே இருந்த ஓட்டலில் உட்கார்ந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். பரிமாறுபவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "இட்லி, பொங்கல், வடை இருக்கு. பசி ஆறுமா ஆறாதான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆறியது. சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து, கேட்காமலேயே ஊற்றினார்கள். தைப்பிங்கில் இரண்டாவது கரண்டி கேட்டால் கடைக்காரர் முகம் மாறும். காப்பியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கள் காப்பி டின்னில் வரும் கெட்டிப்பாலும் கறுப்புக் காப்பியும் கலந்து அடியில் தித்திக்கும். இங்கே டபராவில் ஆற்றி ஆற்றிக் குடித்தும் நுரைதான் மிச்சமாக இருந்தது.

தி. நகரில் துணிக்கடைகளுக்கு அடுத்தபடியாகப் பெண்கள் விடுதிகள்தான் அதிகமோ என்று தோன்றும். நகைக்கடைகளுக்கு மேலே, மருந்துக்கடைகளுக்குப் பின்னே, செருப்புக்கடைச் சந்துக்குள்ளே எல்லாம் பலகைகள். முதல் விடுதியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும் என்றார்கள். இரண்டாவதில் இடம் இருந்தது. என்னைப் பார்த்ததும் இல்லாமல் போனது. மூன்றாவது விடுதியின் வார்டன் ஒளிவுமறைவு இல்லாதவர்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வயசுல ஒருத்தங்க இருந்தா பிள்ளைங்களுக்கு மாமியார் வீட்ல இருக்கிற மாதிரி ஆயிடும். ரெண்டே மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார்.

"இல்லை. படிக்க வந்திருக்கேன்."

"அது சரி. பிரச்சனை ஒண்ணும் இல்லியே?"

திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் இருக்கின்றன, பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநருக்கு என் வயதில் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். விவரம் கேட்டதும் வண்டியை ஓட்டியபடியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, மேன்ஷன்லயா? அது ஃபுல்லா பேச்சிலர் பசங்க கீற எடம். லேடீஸ்க்கு குடுக்க மாட்டானுங்க. ஒனக்கு யாரு சொன்னது?"

"அப்ப வேற எங்க கேக்கலாம்?"

"என்ன கேட்டா? நானே பெரும்பாக்கத்துல கீறேன். ஆத்தோரமா இருந்தோம், மொத்தமா தூக்கினு போய் அங்க வச்சுட்டானுங்க. டெய்லி அங்கேர்ந்து வண்டி எடுத்துகினு வரேன். எனுக்கே சிட்டிக்குள்ள எடம் இல்ல, ஒனக்கு நான் எங்க காட்டறது?"

குறை சொல்லும் தொனி இல்லை. போக்குவரத்து நிலவரம் சொல்வது போலச் சொன்னார். அதற்குள் நிலவரமும் மோசமாகிவிட்டது. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள். அவர் வண்டியை ஒரு சந்துக்குள் நுழைத்தார். எதிரே தண்ணீர் லாரி. பின்னால் இன்னும் நாலு ஆட்டோ. யாரும் பின்வாங்கத் தயாராக இல்லை. அவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய், இரண்டு கண்ணாடி டம்ளர்களில் டீயோடு வந்தார். "ஒண்ணும் ஆவாது, குட்ச்சிகினு இரு" என்று ஒன்றை என்னிடம் நீட்டினார். எங்கள் ஊரில் இப்படி அடைத்துக்கொண்டால் எல்லோரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்துக்குள் உட்கார்ந்து தனித்தனியாகக் கோபப்படுவோம். இங்கே கோபம் பொதுவில் நடந்தது, சீக்கிரம் தீர்ந்தும் போனது.

மேன்ஷனில் அவர் சொன்னபடியே ஆயிற்று. வாசலில் இருந்த மேலாளர், பிள்ளைக்கா கேட்கிறீர்கள் என்றார். எனக்கு என்றதும் வேட்டியை அவசரமாகத் தழைய விட்டுக்கொண்டார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. மசூதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கடையில் பிரியாணி சாப்பிட்டேன். சீரக சம்பா அரிசி, கூடவே கத்தரிக்காய்த் தொக்கு. அந்த நாளில் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மயிலாப்பூர். போகும்போது நடத்துநரிடம் பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லேடீஸ் ஃப்ரீம்மா."

"நான் இந்த ஊர் இல்லைங்க. மலேசியா."

"மலேசியாவுல லேடீஸ் இல்லியா?" என்று சீட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். இந்த ஊரில் எனக்கு உட்கார இடம் உடனே கிடைத்துவிடுகிறது, தங்கத்தான் இடமில்லை.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் கண்ணாடியில், மாடியில் தனி அறை, பெண்களுக்கு மட்டும் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. கடைக்காரரே வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். வசந்தா மாமி. நான் மாணவி என்று சொன்னதும், மூன்று நாட்களில் முதல் முறையாக ஒருவர் முகம் மலர்ந்தது.

"உள்ள வாங்கோ. சின்னப் பொண்களா இருந்தா எனக்கும் பயம்தான். உங்களை மாதிரிப் பொறுப்பானவாதான் வேணும்."

அறை அருமையான அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தென்னை கைக்கு எட்டும். எழுதுவதற்கென்றே ஒரு மேசை, அதன்மேல் வளைத்துத் திருப்பக்கூடிய விளக்கு. "நீங்க சைவமா?" என்று மாமி கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று எனக்குப் பலர் சொல்லியிருந்தார்கள்.

"மீன் சாப்பிடுவேன்."

"ஆத்துல சமைக்கப்படாது. வெளியில சாப்ட்டுண்டு வந்தா நான் எதுக்குக் கேக்கப்போறேன்?"

இவ்வளவு தாராளம் எதனால் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே மாமா உட்கார்ந்திருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்தவர். மெலிந்த உடம்பு, நன்றாகச் சவரம் செய்த முகம். என்ன படிக்கப் போகிறேன் என்று கேட்டார். மொழியியல் என்றதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாங்க ஆத்துல ஆத்துலன்னு சொல்றோமே, அது எந்த ஆறுன்னு ஆபீஸ்ல கேலி பண்ணுவா. அகத்துலங்கறதுதானே ஆத்துலன்னு ஆச்சு?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு ஒரே பூரிப்பு. அரை மணி நேரம் பேசினோம். ஒரு மனிதர் என்னிடம் என் வயதையோ குடும்பத்தையோ கேட்காமல், நான் படிக்கப்போவதைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அதற்கு முன்பு நடந்ததில்லை. இடையில் என் பெயரைக் கேட்டார். புவனேஸ்வரி என்றேன். கிளம்பும்போது இன்னொரு முறை கேட்டார். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வந்துடுங்கோ, மிச்சத்தைப் பேசிக்கலாம்" என்றார் மாமி.

அன்று மாலை என் கணவரிடம் விவரம் சொன்னேன். "ரொம்ப நல்ல குடும்பமா தெரியுது. பேசாம அங்கேயே இரு" என்றார். என் படிப்பைப் பற்றி அவர் சாதகமாகச் சொன்ன முதல் வார்த்தை.

வெள்ளிக்கிழமை வாழை இலையில் சாப்பாடு. சுண்டைக்காய் வற்றல் குழம்பு, சுட்ட அப்பளம், பூசணிக்காய்க் கூட்டு. குழம்பு அபாரம், எங்கள் பக்கத்தில் புளிக்குப் பதில் வேறு எதையோ போட்டு ஏமாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டேன். மோர் சாதத்துக்கு வந்தபோது மாமா எழுந்து கை கழுவப் போனார். மாமி என் இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். கனடால இருக்கா. நான் போய் ஆறு மாசம் இருந்தாகணும். இவர் ஃப்ளைட்ல ஏறவே மாட்டேங்கறார். சமையலுக்கு ஆள் வரா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ராத்திரி மாத்திரையை மட்டும் எடுத்துக் குடுத்தாப் போறும்."

"சரி" என்றேன்.

"காஸை மூடியிருக்காரான்னு ஒரு தரம் பாத்துக்கணும். அப்புறம் சாயந்தரம் வாக்கிங் போனா கூட யாராவது போகணும். போன மாசம் லஸ் முனையிலேயே நின்னுண்டிருந்திருக்கார், எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம. அவ்வளவுதான். வாடகையே வேண்டாம்னு நெனச்சிண்டிருக்கேன்."

மோர் சாதத்தை முடித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாமி தலையசைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மாமா பின்னாலேயே வந்துவிட்டார்.

"உங்க பேர்…"

"புவனேஸ்வரி."

"ஆமாம். சொன்னேள்." உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நான் திருப்பிக் கேட்டேன்னு மாமிட்ட சொல்லாதீங்கோ."

சொல்லவில்லை. குளத்தைச் சுற்றி நடந்தேன். பூக்கடை, வெற்றிலைக்கடை, பித்தளைக்கடை எல்லாம் கண்ணில் பட்டன; எதன் முன்னாலும் நிற்கவில்லை. அந்த வீட்டில் என்னிடம் கேட்ட வேலை எனக்குப் புதியதல்ல. என் மாமியார் படுக்கையில் இருந்த வருடங்களில் பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரம் அவர் என்று இருந்தேன். குறை வைக்கவில்லை என்று உறவினர் எல்லோரும் சொல்வார்கள். இந்த வேலையையும் நன்றாகவே செய்வேன். மாமாவின் நினைவு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். என் வகுப்பும் அதே போலக் குறையும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். என் கணவருக்கு அந்த வீடு ஏன் பிடித்தது என்று அப்போது புரிந்தது. அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று அவரால் கற்பனை செய்ய முடிந்தது.

சனிக்கிழமை காலையில் அடையாறுக்குப் போனேன். பேருந்து டெப்போவுக்குப் பின்னால் ஒரு தெருவில் தனியார் பெண்கள் விடுதி. வார்டன் மதுரைப் பக்கத்து அம்மா. என் கதையைக் கேட்டுவிட்டு, "மூணு பேர் ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல. ஆனா உள்ள இருக்க பிள்ளைக ரெண்டும் சரின்னு சொல்லணும். போயி நீங்களே பேசிக்கங்க" என்றார்.

முப்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள் நான். அன்று இரண்டு பிள்ளைகள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ள, நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒருத்தி ஜெனிட்டா, நாகர்கோவில்காரி, சட்டம் படிக்கிறாள். மற்றவள் கயல், தர்மபுரிக்காரி, புள்ளியியல். இரண்டு பேருக்கும் என் மகனைவிட வயது குறைவு.

"கொறட்டை விடுவியளா?" என்று ஜெனிட்டா ஆரம்பித்தாள்.

"வீட்டுக்காரர் விடுவேன்னு சொல்றார். நான் கேட்டதில்ல."

கயல் சிரித்துவிட்டாள். ஜெனிட்டா சிரிக்கவில்லை. "வீடியோ காலை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசப்படாது. இயர்போன் வேணும்."

"வாங்கிக்கிறேன்."

"எங்க அம்மா போன் பண்ணுனா நீங்க வாங்கிப் பேசக் கூடாதுங்க" என்றாள் கயல். "உங்களப் பாத்தா அவங்க நம்பர் வாங்கி வச்சுக்குவாங்க. நான் எத்தன மணிக்கு வந்தேன், என்ன சாப்பிட்டேன்னு டெய்லி உங்களத்தான் கேப்பாங்க."

"பேச மாட்டேன்."

"அட்வைஸ் பண்ணப்படாது" என்றாள் ஜெனிட்டா.

இதற்கு மட்டும் மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. முயற்சி செய்கிறேன் என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கும் ஒண்ணு கேக்கணும்" என்றேன். "என்ன ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாது."

"பின்ன எப்படி? மிஸ்ஸுன்னா?"

"அதுவும் வேணாம். முப்பது வருஷம் கேட்டாச்சு."

சற்று நேரம் பேசி, புவனாக்கா என்று முடிவாயிற்று. கட்டில் குளியலறைக் கதவை ஒட்டி இருந்தது. மெத்தையில் நடுவில் ஒரு பள்ளம். மேசை கிடையாது, மடியில் வைத்து எழுத ஒரு பலகை கிடைக்கும் என்று கயல் சொன்னாள். மின்விசிறி மற்ற இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் சுற்றியது. நான் தென்னை மரத்து ஜன்னலை நினைத்துக்கொண்டேன். பிறகு வார்டனிடம் போய்க் கட்டிலை எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

மாமியிடம் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் போனேன். அவர் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒத்து வராது மாமி."

"ரூம்ல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

கீரைக்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்காத்துக்காரரை அங்க யார் பாத்துக்கறா?"

"அவரே பாத்துக்கிறார்."

"அப்போ உங்களுக்குப் புரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "ரெண்டு நர்ஸை வச்சுப் பாத்தாச்சு. ரெண்டு பேரையும் விரட்டிட்டார். உங்ககிட்டதான் நன்னாப் பேசினார். நாலு மாசத்துக்கப்புறம் அவர் அவ்வளவு நேரம் ஒருத்தர்கிட்ட பேசி நான் பாக்கறேன்."

எனக்குப் புரிந்தது. புரிந்ததைச் சொல்லியிருந்தால் அங்கேயே தங்கியிருப்பேன். பகலில் அவரோடு பேச வரலாமா என்று கேட்டேன். "வாங்கோ, தாராளமா வாங்கோ" என்று மாமி கீரையை எடுத்துக்கொண்டார். அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. நான் செய்தது சரி என்று இங்கே எழுதிவைக்கப் போவதில்லை. செய்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறன்று பெட்டியோடு அடையாறு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் முகவரியைக் கொடுத்ததும் எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். "லேடீஸ் ஹாஸ்டலா?" என்றார். ஆமாம் என்றேன். முத்திரை குத்தினார். முதல் வகுப்பில் நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். புதிதாக வாங்கிய இயர்போனை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று பேசினேன்.

"மயிலாப்பூர்க்காரங்க நல்லவங்கன்னு சொன்னியே?"

"நல்லவங்கதான். அதனாலதான் வேணாம்னேன்."

அங்கே மழை பெய்யும் சத்தம் கேட்டது. தைப்பிங்கில் மழை இல்லாத மாலைதான் அபூர்வம். பிறகு, "ரசத்துக்குத் துவரம்பருப்பு வேகவச்ச தண்ணிய எப்ப ஊத்தணும்?" என்று கேட்டார். சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வைத்துவிட்டார்.

எட்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பரிமாறும் மேசையில் சப்பாத்தியும் குருமாவும் ஆவி பறக்க இருந்தன. நேராகப் போய்த் தட்டை நீட்டினேன்.

"ஹலோ, லைன் அங்கேர்ந்து வருது."

காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண். என் முகத்தைப் பார்த்தாள், நரைத்த முன்முடியைப் பார்த்தாள், தட்டால் கதவுப் பக்கம் காட்டினாள். வரிசை கதவைத் தாண்டி வெளியே போய், மாடிப்படிவரை வளைந்து நின்றது. யாரும் விலகி இடம் விடவில்லை. பரவாயில்லை, நீங்கள் போங்கள் என்று சொல்லவும் இல்லை. நான் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் மேசைப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் முறை வருவதற்குள் சப்பாத்தி தீர்ந்துவிடக் கூடாதே என்று நானும் எட்டிப் பார்த்தேன்.